மனநோய்க்கு மயக்க மருந்தா?

அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கமூட்டப் பயன்படும் கெட்டமைன் என்னும் மருந்தைக் கொண்டு மேலைநாடுகளில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்கிறார்கள் என்று விடுதியில் ஒருநாள் சொன்னேன். நண்பர்கள் சிரித்தனர். "போதை மருந்தைக் கொடுத்தா நோயைத் தீர்ப்பான்?" என்றார் ஒருவர். "ஒரே ஊசியில் கவலை போகுமென்றால் தேர்வுக்கு முன் நமக்கும் ஒன்று" என்றார் மற்றொருவர். இரண்டு பேச்சுமே தவறு என்பது என் கருத்து. வேதியியல் மாணவன் என்பதனால் மட்டுமன்று, எங்கள் வீட்டில் நடந்ததனாலும் இதை எழுதத் துணிந்தேன்.

கெட்டமைனை 1962இல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்பவர் உருவாக்கினார். 1970இல் அங்கு அரசு அனுமதி கிடைத்தது. வியட்நாம் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வுற்ற சிலருக்குக் குறைந்த அளவில் செலுத்தியபோது மூன்று நாட்களுக்குள் தெளிவு கண்டனர். பிந்திய ஆய்வுகளில் சில மணி நேரத்திலேயே பலன் தெரிந்தது. வழக்கமான மாத்திரைகளுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இம்மருந்து, வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு மூலக்கூறுகளின் கலவை. (கரிம வேதியியல் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது விளங்கும்.) அவற்றுள் ஒன்றான எஸ்கெட்டமைன், மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டு 2 மணி நேரம் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும்.

காரணம் இல்லாமலில்லை. இரத்த அழுத்தம் ஏறும். தன் உடலே தனதல்ல என்பது போன்ற மயக்கம் வரும். பழக்கமாகிவிட்டால் சிறுநீர்ப்பையே கெடும். பலனும் சில நாட்களில் குறைந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் சிலர் மருந்தோடு பேச்சையும் சேர்த்தார்கள். லெனின்கிராடில் எவ்கெனி குருபிட்ஸ்கி என்ற மருத்துவர் 1985 முதல் குடிநோயாளிகளுக்கு இதைச் செய்தார். ஊசிக்கு முன்பும் பின்பும் நோயாளியோடு அமர்ந்து பேசுவது அவர் முறை. அவ்வாறு சிகிச்சை பெற்ற 111 பேரில் 73 பேர் ஓராண்டு குடிக்கவில்லை என்றும், வழக்கமான சிகிச்சை பெற்ற 100 பேரில் அப்படி இருந்தவர் 24 பேரே என்றும் 1997இல் எழுதினார். அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று. எனவே முழுவதும் நம்பிவிடவும் கூடாது. ஆயினும் என்னைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கையன்று, அந்த அமர்தல். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். நாம் மருந்தை மட்டும் முழுமையாக எண்ணிக்கொள்கிறோம்.

என் மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துக் காயல்பட்டினம் திரும்பியவர். ஓராண்டாகத் திண்ணையை விட்டு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஓதிய தண்ணீர் கொடுத்தோம், தாயத்துக் கட்டினோம், ஒரு தர்காவில் நாற்பது நாள் தங்கவைத்தோம். கடைசியாக ஒரு மருத்துவரிடம் சென்றோம். கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. பத்தாம் நாள், "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிட்டார். அதன்பின் ஒரு சுபுஹு நேரத்தில் கடலில் இடுப்பளவு நீரில் நின்றவரைச் சிங்கித்துறை மீனவர் ஒருவர் கைப்பிடித்துக் கரையேற்றினார். வெயில் ஏறும்வரை எதுவும் கேளாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். இன்று வேறொரு மருத்துவரிடம் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிட்டு, மாமா வேலைக்குப் போகிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. மாத்திரையும் நல்லதுதான். ஆனா அந்த ஆள் உக்காந்தாரே, அதையும் எழுது" என்றார்.

அன்று கடலில் நின்றவருக்குச் சில மணி நேரத்தில் வேலை செய்யும் மருந்து ஒன்று இருந்திருந்தால்? அதனால்தான் இதைப் போதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களெல்லாம் கொடியவர்களா? எங்களைப் போல வழி தெரியாத குடும்பத்தாரும் அவர்களில் இருந்திருப்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. நல்லதே. ஆனால் சங்கிலியை அவிழ்த்த பின் அருகில் உட்காருவது யார்?

இந்தியாவிலும் சில மருத்துவமனைகளில், மற்ற மருந்துகள் கேளாதவர்களுக்குக் கெட்டமைன் தருகிறார்கள். இது பணம் படைத்தோர் சிகிச்சையாக நின்றுவிடாமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஊசி மருந்து பழையது, பெருவிலையும் அன்று. செலவெல்லாம் அந்த 2 மணி நேரம் உடனிருக்கும் ஆளுக்குத்தான். உளவியல் படித்துவிட்டு வேலையின்றி இருப்போரை அரசு முதலில் அப்பணிக்கு எடுக்கட்டும். மருந்து பிறகு வரட்டும்.

அதுவரை 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணையாவது நம் விடுதிப் பலகையில் வைப்போம். சென்ற வாரம் நான் ஒட்டினேன். அதன்மேல் யாரோ கிரிக்கெட் போட்டி அட்டவணையை ஒட்டியிருக்கிறார்கள். நாளை மறுபடி ஒட்டுவேன்.