அழகும் வேண்டும், வேலைக்கும் உதவ வேண்டும்



போரினால் எல்லாவற்றையும் இழந்து, வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரம் பெற்ற பெண்கள் வடக்கு, கிழக்கிலும் கொழும்பிலும் பலர் இருக்கிறார்கள். "தைக்கத் தெரியும், ஆனால் ஓடர் வருவதில்லை" என்பதே பலரின் கவலை. ஓர் ஊரில் பத்துப் பேர் ஒரே மாதிரிச் சட்டையைத் தைத்தால் யாருக்கும் நல்ல விலை கிடைக்காது. புறக்கோட்டையில் குவிந்து கிடக்கும் ரெடிமேட் உடுப்புகளோடு மலிவில் போட்டி போடவும் முடியாது. ஆனால் வடிவமைப்பில் முந்தலாம். ஆசியாவின் இரண்டு வடிவமைப்பாளர்கள் இதற்கு நல்ல உதாரணம்.

முதலாமவர் எமது நாட்டின் பார்பரா சன்சோனி. 1928 இல் கண்டியில் பிறந்த இவர் ஓவியம் கற்றவர். நல்லாயன் கன்னியர் சபையின் அயர்லாந்து அருட்சகோதரி ஒருவர் ஏழைப் பெண்களுக்கு நெசவு மூலம் வருமானம் தேடிக் கொடுக்க விரும்பினார். அந்தத் துணிகளுக்கு நிறமும் கோலமும் அமைத்துத் தரும்படி சன்சோனியிடம் கேட்டார். பெண்களின் கைகளில் திறமை இருந்தது. வாங்க வருபவரை நின்று பார்க்க வைக்கும் நிறச் சேர்க்கையை சன்சோனி கொடுத்தார். 1964 இல் 'பெயார்ஃபூட்' நிறுவனம் உருவானது. நூலுக்கே சாயமிட்டு நெய்யும் அந்தப் பருத்தித் துணிகள் எமது வெயிலுக்கும் ஏற்றவை. சன்சோனி 2022 இல் காலமானார். கொழும்பு காலி வீதியில் அவருடைய கடை பலருக்கும் தெரிந்த ஒன்று.

மற்றவர் ஜப்பானைச் சேர்ந்த இஸ்ஸே மியாகே. 1945 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. அடுத்த சில வருடங்களில் தாயையும் இழந்தார். அழிவைப் பற்றிப் பேசுவதைவிட, மனிதருக்கு மகிழ்ச்சி தரும் ஒன்றை உருவாக்குவதையே அவர் விரும்பினார். 1993 இல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்ற உடுப்புகளை வெளியிட்டார். சட்டையை அளவைவிடப் பல மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து, பின்னர் கடதாசிகளுக்கு இடையில் வைத்துச் சூட்டில் அழுத்தி, நுண்ணிய மடிப்புகள் எடுப்பார்கள். துவைத்தாலும் மடிப்புக் கலையாது, சீக்கிரம் காயும், அயன் பண்ணத் தேவையில்லை. வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருவரும் எமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: உடுப்பைத் தைக்கத் தொடங்குமுன் அதை உடுத்தப்போகும் பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். வத்தளையிலிருந்து காலை பஸ்ஸில் நெரிபட்டு வேலைக்குப் போகிறவளுக்குப் பணமும் போனும் வைக்கப் பொக்கற் வேண்டும். கைக்குழந்தை உள்ள தாய்க்கு முன்பக்கம் திறக்கும் சட்டை வேண்டும். ஒரே உடுப்பில் வேலைக்கும் கோயிலுக்கும் போக விரும்புகிறவர்களும் உண்டு.

உங்கள் அடுத்த ஓடரில் இவற்றைச் செய்து பாருங்கள்:

• பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவிடுங்கள். தைத்த பின் சுருங்கினால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

• சல்வார் மேற்சட்டையின் பக்கத் தையலில், இடுப்புக்குச் சற்றுக் கீழே பொக்கற் வையுங்கள். கை தாராளமாக நுழைய ஆறு அங்குல வாய் போதும்.

• இரு பக்கத் தையல்களிலும் ஓர் அங்குலம் மேலதிகத் துணி விடுங்கள். உடம்பு பெருத்தாலும் சட்டை வீணாகாது.

• மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள். கழுத்திலோ கை விளிம்பிலோ வேறு நிறப் பட்டி வைத்தால் அதுவே உங்கள் தையலின் அடையாளமாகும்.

விலை சொல்லும்போது துணி, நூலோடு நீங்கள் செலவழித்த மணித்தியாலங்களையும் கணக்கில் சேருங்கள். பொக்கற்றை எங்கே வைப்பது, எந்த நிறத்தோடு எதைச் சேர்ப்பது என்று யோசித்ததும் வேலைதான். அதற்கும் கூலி கேட்க நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.