கடவுளும் கட்சி சேர்வரோ?

யவனர் புராணம் கற்றார் சிலர், "திராய் நகரப் போரில் தெய்வங்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து பொருதன, முருகன் தேவர் பக்கம் நின்றதும், சிவன் அருச்சுனனுக்குப் படை ஈந்ததும் அத்தகையனவே" என்பர். இக்கூற்று இருதிறத்து நூல்களையும் ஒப்பநோக்காமையால் எழுந்தது.

ஹோமரின் இலியட்டில் ஹீராவும் அதீனாவும் கிரேக்கர்க்குத் துணையாயினர். அப்ரோதிதி திராய் நகரத்தார்க்குத் துணையாயினள். இப்பிளவின் மூலம் யாது? அழகிற்குரிய பொற்கனியைப் பாரிசு என்பான் அப்ரோதிதிக்கு அளித்தமையே என்பர் யவனர். அவளோ தியோமீது என்னும் மானிடன் வேலாற் கையிற் புண்பட்டுக் கதறி ஓடினள். பகையும் புண்ணும் அழுகையும் உடையார் மலத்தாற் கட்டுண்ட உயிர்களேயன்றி இறையாதல் யாங்ஙனம்?

இனிச் செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்போரூரை நோக்குக. முருகப்பெருமான் அசுரரோடு விண்ணில் நின்று பொருத தலம் இஃது என்பது வழக்கு. "ஆண்டு அவன் தேவர் கட்சியன் அன்றோ?" எனின், அன்று. சூரபன்மன் 1008 அண்டங்களை ஆண்டது சிவபிரான் அளித்த வரத்தினால். தேவர் அவனால் நலிந்தது, சிவனை இகழ்ந்த தக்கன் வேள்வியில் அவியுண்ட பிழையினால். இரண்டையும் கந்தபுராணமே கூறும். தவஞ்செய்த அசுரனுக்குப் பயனும் பிழைசெய்த தேவர்க்கு ஒறுப்பும் ஓரிடத்திருந்தே வந்தன. அசுரன் நெறி கடந்தபோதும் வீரவாகு முன்னர்த் தூது சென்றான். அதன் பின்னரே போர். வேலாற் பிளவுண்ட சூரனின் இருகூறும் மயிலும் சேவலுமாய், ஊர்தியும் கொடியும் ஆயின. பகைவனை ஒழிப்பது கட்சி. அவன் செருக்கை ஒழித்து அவனைத் தாங்குவது மறக்கருணை.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், பல்லவர் 7ஆம் நூற்றாண்டிற் செதுக்குவித்த சிற்பம் உளது. ஒற்றைக்காலில் நின்று தவமியற்றுவான் ஒருவனுக்கு இறைவன் ஆண்டு வரமளிக்கின்றான். அவனைப் பகீரதன் என்பாரும் அருச்சுனன் என்பாரும் உளர். அருச்சுனன் என்றே கொள்வோம். பாசுபதம் ஈந்தமையாற் சிவன் பாண்டவர் கட்சியாவனோ? அருச்சுனன் ஒழிந்த பாண்டவரை ஒருநாள் தடுக்கும் வரத்தைச் சயத்திரதனுக்கு அளித்தவனும் அவனே. அசுவத்தாமனுக்கு வாள் ஈந்தவனும் அவனே. தவத்திற்குப் பயன் இறைவன் தருவது. பெற்றதைக் கொண்டு செய்த வினையோ செய்தானையே சாரும். துயின்றாரைக் கொன்ற பழி அசுவத்தாமனையன்றோ தொடர்ந்தது?

அச்சிற்பத்திற் பூனையொன்றும் தவக்கோலத்தில் நிற்கின்றது. அதன் அருகே எலிகள். தன் பகை முடித்தற்கு இறைவனைத் துணையழைப்பான் தவமும் அப்பூனையின் தவமே.

இன்றும் "கடவுள் எம் பக்கம்" என்று முழங்கிப் போர்க்கு எழுவோர் உலகெங்கும் உளர். அவர் எப்பெயர் கூறி வணங்கினும், வணங்கப்படுவது பொற்கனிக்குப் பூசலிட்ட தெய்வமே. ஆதலின் திருப்போரூர்ச் சந்நிதியில் நிற்போர் மாற்றான் கேட்டை வேண்டற்க. தம்முள் நிற்கும் சூரனாகிய ஆணவம் கெடுதலையே வேண்டுக.