மறையாத விண்மீனை நாமே மறைக்கலாமா?

தரையின் இருளிலும் கடலின் இருளிலும் மனிதன் வழியறிவதற்காகவே விண்மீன்களை அமைத்திருப்பதை அல்லாஹ் தன் திருமறையில் நினைவூட்டுகின்றான். அவ்விண்மீன்களுள் துருவ நட்சத்திரத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணால் கண்டிருப்பார்கள்?

வானில் மிகப் பிரகாசமானது அதுவே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஒளியில் அதனை விஞ்சும் விண்மீன்கள் நாற்பதுக்கும் மேல் உள்ளன. மஞ்சள் கலந்த வெண்ணிறம் கொண்ட அது சூரியனைவிடப் பன்மடங்கு பெரியது. 400 ஒளியாண்டுகளுக்கும் அதிகமான தொலைவே அதனைச் சிறு புள்ளியாகக் காட்டுகிறது.

அது தொடுவானத்திலிருந்து நிற்கும் உயரம், நாம் வாழும் ஊரின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம். சென்னையில் 13 பாகை. காயல்பட்டினத்தில் எட்டரை பாகை. அரபு மாலுமிகள் அதனை ‘ஜாஹ்’ என்றழைத்தனர். முடிச்சிட்ட கயிறு கோத்த ‘கமால்’ என்னும் பலகையால் அவ்வுயரத்தை அளந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்தனர். கிப்லாவை அறியவும் மார்க்க அறிஞர்கள் அதனைத் துணைகொண்டனர். சென்னையில் அதனை வலப்புறம் வைத்து மேற்கு நோக்கி நின்று, ஏறத்தாழ 18 பாகை வடக்கே திரும்பினால் அதுவே கிப்லா.

கைபேசி காட்டாததையா விண்மீன் காட்டப்போகிறது என்று கேட்கலாம். கைபேசி பயனுள்ளதுதான், எனினும் அருகில் இரும்போ காந்தமோ இருந்தால் அதன் திசைகாட்டி பிறழும். மேலும், படைப்பைக் கண்டு சிந்திக்கும் வாய்ப்பைத் திரை தருவதில்லை.

நம் பகுதியில் இவ்விண்மீன் ஒருபோதும் மறைவதில்லை; ஆயினும் தாழ்வாக நிற்பதால் தூசியும் ஈரக்காற்றும் அதனை மங்கச் செய்கின்றன. எஞ்சியதை விளக்கொளி விழுங்குகிறது. இதில் நம் பங்கும் உண்டு. வீண்விரயம் தகாது என்று மிம்பரில் கேட்கும் நாமே, மினாராக்களின் அலங்கார விளக்குகளை விடியும்வரை எரிய விடுகிறோம். இஷாவுக்குப் பின் அவற்றை அணைக்க ஜமாஅத்துகள் முடிவெடுக்க வேண்டும். பாதைக்குத் தேவையான விளக்கு, கீழ்நோக்கி ஒளிர்ந்தால் போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் இஷா தொழுதபின் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்வோம். வடவானில் சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரு விண்மீன்களை இணைக்கும் கோட்டை, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் தென்படும். மறைபவற்றை நேசிக்க மறுத்த இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றையும் அங்கேயே சொல்வோம். மறையாத இதுவும் நிலையானதன்று. பல்லாயிரம் ஆண்டுகளில் இதன் இடத்துக்கு வேறொரு விண்மீன் வரும். படைத்தவன் மட்டுமே என்றும் நிலையானவன் என்பதை அவர்கள் உணர்வார்கள், இன்ஷா அல்லாஹ்.