பொருத்தம் பார்த்தீங்களா?

ஆலங்குடிப் பக்கம் எங்க மாமா. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டையைத் தோண்ட மெஷின் கிடைக்காமல் அல்லாடியவர். அன்றிலிருந்து, "நம்ம டிராக்டருக்கே ஒரு ஜே.சி.பி. கை வேணும் மாப்ளே" என்று புலம்பல்.

போன மாசம் பழைய பேக்ஹோ ஒன்று மாட்டியது. வேறு கம்பெனி டிராக்டரில் கழற்றியது. "பாதி விலை! முடிங்க மாமா" என்றேன், பி.காம். தெம்பில். "நீ ஆடிட்டர்டா!" என்று பூரித்தார்.

புதுக்கோட்டை பட்டறை மேஸ்திரி சிரித்தார். "பொண்ணு சரி, மாப்பிள்ளை சரி. பொருத்தம் பார்த்தீங்களா தம்பி?"

டிராக்டருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் பெரும்பாலும் கிடையாதாம். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் பெட்டிகளை போல்ட் போட்டுக் கோத்ததுதான் உடம்பு. பின்னால் கலப்பை மாட்டும் இடம் இழுக்கத்தான், நெம்ப அல்ல. நெம்பினால் நடு உடம்பு விரிசல் விடும். அந்த பாரத்தைத் தாங்க, முன்பக்கத்திலிருந்து பின் ஆக்ஸில் வரை சப்-ஃப்ரேம் வேண்டும். அது மாடலுக்கு மாடல் வேறு.

"ஓட்டையைப் பெரிசு பண்ணி மாட்டிடலாமே?" என்றார் மாமா.

"மாட்டலாம். கியர்பாக்ஸ் உடைஞ்சா பேங்க்காரன் தவணையைக் குறைப்பானா?"

மாமா கப்சிப்.

சப்-ஃப்ரேம் புதுசாக அடிக்க ஆகும் செலவு, பம்ப், ஹோஸ், கூலி... கூட்டிப் பார்த்தேன். பாதி விலையைக் காணோம்!

மாமா இப்போதெல்லாம் என்னை ஆடிட்டர் என்று கூப்பிடுவதில்லை.