வீட்டின் சாவி யார் கையில்?



அன்பிற்குரிய பெற்றோர்களே! கைபேசியின் தீமைகளைப் பற்றி நம் பள்ளிவாசல்களில் பயான் நடக்காத மாதம் இல்லை. பயான் முடிந்ததும் அத்தாமார்கள் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பையனைக் கொஞ்சம் கண்டியுங்கள், இரவெல்லாம் போனும் கையுமாக இருக்கிறான்" என்று முறையிடாத வாரமும் இல்லை. அந்த முறையீட்டுக்கு இதுவரை நாம் துஆவையும் அறிவுரையையும் மட்டுமே பதிலாகத் தந்தோம். இன்று வேறொரு பதில் தர விரும்புகிறோம். அது சிலருக்குக் கசக்கலாம்.

சில நாட்களுக்கு முன் மக்தபில் அமானிதம் பற்றிய பாடம் நடந்தது. பிறர் பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்துவது எவை எவை என்று பிள்ளைகளிடம் கேட்டோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், அடுத்த வீட்டு வைஃபையும் அதில் சேருமா? எங்கள் தெருவில் பாதி வீட்டு வைஃபை என் போனில் தானாகவே சேர்ந்துவிடும். அந்த வீட்டுக்காரர் போன் நம்பரைப் போட்டுப் பார்த்தால் போதும்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், நம் வீட்டுக் கடவுச்சொல்லும் அன்றுவரை நம் கைபேசி எண்ணாகவே இருந்தது. இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர் இட்டுச் சென்றது அது. இரண்டு ஆண்டுகளாக நாம் அதைத் தொடவே இல்லை.

ஆகவே, இக்கட்டுரை பிறரைக் குற்றம் சொல்வதற்கு முன் நம்மையே குற்றம் சொல்கிறது. மாதம்தோறும் பணம் கட்டி வீட்டுக்குள் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கூடப் பாராமல், உள்ளே வந்ததைப் பற்றிப் பிள்ளையை மட்டும் ஏசுவது நீதியன்று.

சுவரில் விளக்குகள் மின்ன மாட்டியிருக்கும் அந்தச் சிறு பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, கைபேசியை வைஃபையில் சேர்க்கும் கடவுச்சொல். இதை எல்லோரும் அறிவோம். மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளையே மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல். இதைப் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. முதலாவது வீட்டுக்குள் நுழையும் சாவி. இரண்டாவது, பூட்டையே கழற்றி மாற்றும் அதிகாரம். பல பெட்டிகளில் இந்த இரண்டாவது பூட்டு, தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்' என்ற சொல்லாகவே இன்றும் கிடக்கிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு நடந்தவற்றைச் சொல்வோம். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட சுமார் அறுபது பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டே உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் தன் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை தொடுத்த தாக்குதலில் பெரும் இணையதளங்கள் பலவற்றைப் பல மணி நேரம் திறக்க முடியவில்லை. நம் நாட்டில், 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. இலக்கானவை, ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாத மோடம்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இதைவிடப் பெரிய படிப்பினை 2008இல் இருக்கிறது. அவ்வாண்டு ஜூலை 26 அன்று அப்பாவி உயிர்கள் பலவற்றைப் பறித்த அஹ்மதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன்பாக ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகச் சென்றது தெரியவந்தது. காவல்துறை தட்டிய கதவு அவருடையதே. கணினிகள் கைப்பற்றப்பட்டன, விசாரணை நடந்தது. அவருடைய இணைப்பைப் பிறர் பயன்படுத்தியிருந்தார்கள். மறு ஆண்டு, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது குறித்துத் தொலைத்தொடர்புத் துறை வழிமுறைகளை வெளியிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நம் வீட்டு இணைப்பில் எவர் எதைச் செய்தாலும் அது நம் வீட்டு முகவரியிலிருந்து சென்றதே ஆகும். அப்படியொரு விசாரணை நம் வாசலில் வந்து நின்றால் என்னவாகும் என்பதை நம் சமுதாயத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

"இது துன்யா காரியம், இதில் ஆலிமுக்கு என்ன வேலை?" என்பார் சிலர். இரவில் கதவுகளை அடைக்கவும், விளக்குகளை அணைக்கவும், பாத்திரங்களை மூடவும் கற்றுத்தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தாழ்ப்பாளையும் விளக்கையும் மார்க்கம் சிறிய காரியமாகக் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியும், குடும்பத்தாரை நரகிலிருந்து காத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் சூரத்துத் தஹ்ரீமின் ஆறாம் வசனமும், இந்தப் பெட்டி மாட்டிய சுவருக்குப் பொருந்தாது என்று எவரும் சொல்ல முடியுமா?

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்பார் வேறு சிலர். ஆம், அவனே பாதுகாவலன். ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நாம் கற்பிக்கப்பட்டோம்.

"இதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது" என்பது மூன்றாவது சாக்கு. கைபேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டோம். வளைகுடாவில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டோம். தேவைப்பட்டதைக் கற்ற நாம், கடமையானதை மட்டும் கற்க முடியாதவர்கள் ஆகிவிட்டோமா?

செய்ய வேண்டியவை சில. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வீட்டு வைஃபையில் இணைந்த கைபேசியின் உலாவியில் அதை இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். சில நிறுவனப் பெட்டிகளில் அது திறக்காது. வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேளுங்கள். முதலில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். கைபேசி எண், பிறந்த தேதி, பிள்ளையின் பெயர் எதுவும் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் வசதியையும், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். விருந்தினருக்குக் கெஸ்ட் இணைப்பைத் தனியே கொடுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அறியாத பெயர்கள் இருந்தால் வியப்படைவீர்கள். புதிய மென்பொருள் வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு, பின்புறச் சிறு துளையில் ஊசியால் அழுத்திவிடாதீர்கள். நிறுவனம் இட்ட இணைப்பு விவரங்களும் அழிந்துபோகும்.

ஆபாசத் தளங்களைத் தடுப்பதற்கும் வழி உண்டு. பெட்டியின் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களை இட்டால், அறியப்பட்ட ஆபாசத் தளங்களும் தீநிரல் தளங்களும் பெருமளவு திறக்கா. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இதைக் கட்டணமின்றித் தருகிறது. பல பெட்டிகளில் பிள்ளைகளின் கருவிகளுக்கு நேர வரம்பும் வைக்கலாம். இஷாவுக்குப் பின் நிறுத்தி ஃபஜ்ருக்குப் பின் திறக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டோம். சிம் அட்டையின் டேட்டாவையும், விபிஎன் செயலியையும் இந்தத் தடுப்பு கட்டுப்படுத்தாது. பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், நஃப்ஸைத் திருத்தாது. அதற்குத் தர்பியத் வேண்டும்.

இனி, எதிர்த் திசையில் தவறுபவர்களுக்கும் ஒரு சொல். இந்தப் பெட்டி கைக்கு வந்ததும், மகனும் மகளும் எந்தத் தளத்தைப் பார்த்தார்கள் என்று இரகசியமாகத் துருவும் ஆசை எழும். சூரத்துல் ஹுஜுராத் பன்னிரண்டாம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. ஒரே வீட்டுக்குள்ளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று சூரத்துந் நூர் கற்பிக்கிறது. தடுப்பை வையுங்கள், ஆனால் பிள்ளைகளை அருகே உட்கார வைத்து, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வையுங்கள். அதே தடுப்பும் அதே நேர வரம்பும் அத்தாவின் கைபேசிக்கும் இருக்கட்டும். தனக்கு மட்டும் திறந்த கதவை வைத்துக்கொள்ளும் தகப்பனின் பூட்டைப் பிள்ளை மதிக்காது. நம் மக்தபில் கேட்பது இதுவே: பிள்ளையை எங்களிடம் அனுப்புமுன், அந்தப் பெட்டியின் முன் ஒரு முறை அவனோடு உட்காருங்கள்.

நம் வடுகபட்டிப் பூண்டு மண்டியில் மூட்டைகளை அடுக்கிவிட்டுக் கிடங்கைப் பூட்டாமல் வீட்டுக்குப் போகும் வியாபாரியைப் பார்த்ததுண்டா? பூண்டுக்குப் போடும் பூட்டைப் பிள்ளைகளுக்குப் போட மறந்தோம். அடுத்த வீட்டாரிடமும் சொல்லுங்கள்; தெரியாதவருக்குச் செய்து கொடுங்கள். இன்று இஷா தொழுதுவிட்டு வந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நாம் நம் வீட்டில் மாற்றிவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் மக்தபில் அந்தச் சிறுவனிடம், "இப்போது நம் வீட்டு வைஃபை சேருகிறதா?" என்று கேட்டோம். "இல்லை ஹஜ்ரத்" என்று தலைகுனிந்து சிரித்தான்.

நம் வீடுகளையும் நம் பிள்ளைகளின் பார்வைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.