சிவப்புக் கோடு இல்லையென்றால் தவறே இல்லையா?

அக்கா மகனுக்கு வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தேன். ஸ்பெல் செக் ஓட்டினேன். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. இமெயிலில் அனுப்பியும் விட்டோம். மறுநாள் பார்த்தால், ‘டியர் மேனேஜர்’ என்பதில் நடுவிலுள்ள ‘ஏ’ விடுபட்டு ‘மேஞ்ஜர்’ ஆகியிருக்கிறது. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்! “மாமா, நீங்க செக் பண்ணீங்கதானே?” என்றான். என்ன சொல்ல?

அகராதியில் இருக்கும் சொல்லென்றால் ஸ்பெல் செக் பெரும்பாலும் விட்டுவிடும். ஆங்கிலத்திலோ எழுத்து இடம் மாறினாலே இன்னொரு சொல் பிறந்துவிடுகிறது. ‘ஃபார்ம்’, ‘ஃப்ரம்’ இரண்டுக்கும் அதே நான்கு எழுத்துகள்தான். ‘அங்கே’ என்பதற்கும் ‘அவர்களுடைய’ என்பதற்கும் ‘தேர்’ என்று ஒரே ஒலி, ஸ்பெல்லிங் வேறு.

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் ‘ரெஃபரர்’ வரியில், நடுவில் இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். 1996-ல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஒன்றுதான் இருந்தது. எல்லா சாஃப்ட்வேரும் அதையே பின்பற்றிவிட்டதால் இன்றுவரை திருத்தவில்லை.

இப்போது ‘மேஞ்ஜர்’ என்று டைப் செய்தால் ‘மேனேஜர்’ ஆகும்படி ஆட்டோகரெக்ட்டில் சேர்த்துவிட்டேன். (மாட்டுத் தொட்டி பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதப்போவதில்லை!) ‘ஃபார்ம்’, ‘ஃப்ரம்’ விஷயத்தில் இது உதவாது; இரண்டு சொல்லும் வேண்டும். அதற்குப் பிரிண்ட் எடுத்து, டைப் செய்யாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வரவே இல்லை.