முதல்ல திருப்புளியைக் கீழே வைங்க!

பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். சிக்னல்ல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி ஆஃப். பின்னாடி ஒரே ஹாரன். அப்பாவோட பத்மினி ஆறு மாசம் என்னை இப்படிப் படுத்திச்சு. மூணு மெக்கானிக் பார்த்தாங்க. மூணு பேரும், "ஐடிலிங் ஏத்தி விட்டா சரியாயிடும் சார்"னு ஸ்க்ரூவைத் திருகினாங்க. நாலு நாள் ஓடும், மறுபடி அதே கதை. கடைசி ஆள் கார்ப்பரேட்டரையே மாத்தணும்னுட்டார். அப்பா வெறுத்துப்போய் காயலான் கடையில போட்டுடலாம்னு சொல்லிட்டார்.

என் கட்சி இதுதான்: ஐடிலிங் ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

ஏன்னா, அதை ஏத்தினா த்ராட்டில் தட்டு கொஞ்சம் திறந்தபடியே நிற்கும். ரொம்ப ஏத்தினா தட்டோட விளிம்புக்கு மேலே இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாவும் பெட்ரோல் வர ஆரம்பிச்சிடும். அப்புறம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுசா மூடினாலும் இன்ஜின் கண்டுக்காது. பழைய கோளாறு அப்படியே இருக்க, புதுசா ஒண்ணு சேர்ந்தாச்சு. பக் எங்கேன்னு தேடாம டைம்-அவுட்டைக் கூட்டி வைக்கிற எங்க ஆபீஸ் புத்திதான் இது.

முதல்ல டேப்பட், ப்ளக், பாயிண்ட் கேப், டைமிங். அடுத்து, காத்து எங்கேயாவது திருட்டுத்தனமா உள்ளே போகுதான்னு பார்க்கணும். ஒரு பங்கு பெட்ரோல் முழுசா எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காத்து வேணும். ஐடிலிங்ல இன்ஜின் இழுக்கிற காத்தே கொஞ்சம்தான். அதனால சின்ன லீக் கூட கணக்கைக் கெடுத்துடும். வேகமா போகும்போது அது தெரியவே தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை, இன்ஜினை ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் அடியில ஸ்ப்ரே பாட்டில்ல கொஞ்சூண்டு தண்ணி அடிச்சேன். (சிலர் பெட்ரோல் அடிப்பாங்க. சூடான இன்ஜின்ல அது தற்கொலை.) டக்குனு சத்தம் மாறிச்சு! அடியில இருந்த பேக்கிங் காய்ஞ்சு விரிசல் விட்டிருந்தது. புதுசு ஒரு பிரியாணி விலை கூட இல்லை. அதை மாத்தின பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட்டேன். 800 சுற்றுக்குப் பக்கத்துல இப்ப அழகா நிக்குது.

பத்மினி தயாரிப்பு நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நல்ல ஒரிஜினல் கார்ப்பரேட்டரைத் தூக்கிப் போட்டா அது திரும்பக் கிடைக்குமா?

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பத்து நிமிஷத்துல வண்டி வேணும்னு தலைமாட்டுல நிக்கிறது நாமதானே? அந்தப் பத்து நிமிஷத்துல திருக மட்டும்தான் முடியும், தேட முடியாது.